நிற்க நேரமில்லை

டோங்காட்டில் மார்கழி என்றால்
கோலமாவு உள்ளங்கை வேர்வையில் ஒட்டிக்கொள்ளும்.
பனி, காலண்டரில் அச்சான சொல்.
அச்சடித்தது சிவகாசியில்.
பூமிக்கு இந்தப் பக்கம் ஒன்று உண்டென்று
அதற்கு யார் சொல்வது?

நாலு மணிக்கு எழுகிறேன்.
ஹடீடாக்கள் கூரைமேல் சண்டையைத் தொடங்குமுன்
மீலியின் வால் கதவைத் தட்டுகிறது.
சோள நிறம், அதனால் மீலி.

நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்கள்.
சொன்னவர் நாய் வளர்த்திருக்க மாட்டார்.
வேலையில்லாத நாய்
சோபாவுக்குள் பஞ்சு இருக்கிறதா என்று பார்க்கும்.
இருக்கிறது.
பார்த்தாகிவிட்டது.

ஆகவே நடக்கிறோம்,
கரும்புக்காட்டை ஒட்டிய மண்பாதையில்,
கிழக்கே கடல் இன்னும் சாம்பலாய்க் கிடக்க.
குரங்குகளை விரட்டுவது மீலியின் உத்தியோகம்.
ஒன்றையும் பிடித்ததில்லை,
சம்பளமும் கேட்டதில்லை.

என்றாவது தாமதமானால், திரும்பும்போது
தார்ச்சாலையில் குனிந்து புறங்கை வைக்கிறேன்,
காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவதுபோல.
பத்து எண்ணும்வரை பொறுத்தால் போகலாம்.
ஆறு.
புல்லோரமாக வா, மீலி.

பகலில் வீட்டுக்குள் வேறு வேலை:
ஐஸ்கிரீம் டப்பாவில் உறைந்த காரட்,
பழைய துண்டின் மடிப்புகளில் ஒளித்த பிஸ்கட்.
மூக்கு உழைத்தால் கால் உறங்கும்.

அடுத்த வீட்டு சாக்ரனுக்கு இது சிரிப்பு.
எங்கள் மாமரக்கிளை அவர் சுவரில் விழுந்த நாள் முதல்
பேச்சில்லை, சிரிப்பு மட்டும் சுவர் தாண்டி வரும்.
அவருடைய பூர்புல்லுக்கு டாங்க் என்று பேர்.
எழுபது கிலோ.
எந்நேரமும் ஓடினால்தான் நாய் என்பது அவர் கட்சி,
தொப்பை குறைய அவரும் கூட ஓடுவார்,
உச்சி வெயிலில்.

அன்று குழாயில் காற்று மட்டும் வந்த நாலாம் நாள்.
தண்ணீர் லாரி பள்ளிக்கூடத்தருகே நிற்கிறதாம், நிற்கவில்லையாம்.
என்னிடம் ஒரு வாளி மிச்சம்.
சாமிக்கு இவ்வளவு, அரிசி களைய இவ்வளவு,
முகம் கழுவ இவ்வளவு என்று
மனசுக்குள் பங்கு பிரித்த வாளி.

கேட்டருகே ஒரு சத்தம்.
குரைப்பு இல்லை.
ஈர மரத்தில் சிக்கிய ரம்பம் மாதிரி மூச்சு.
டாங்க் நின்றது, ஆடியது, சரிந்தது.
நாக்கு செங்கல் நிறம்.
எச்சில் நூல் நூலாய்.
சாக்ரன் அதன் பேரையே சொல்லிக்கொண்டிருந்தார்,
பேருக்கு அது எழுந்துவிடும் என்பதுபோல.

நிழலுக்கு இழுங்கள், என்றேன்.
மூன்று வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை.

வயிற்றில், தொடையிடுக்கில், பாதங்களில்
சொம்பு சொம்பாக.
சாமியின் பங்கு முதலில் போனது.
பிளாஸ்டிக் மூடியால் நான் விசிற
அவர் துண்டை நனைத்துப் போர்த்த வந்தார்.
போர்த்தாதீர்கள், சூடு உள்ளேயே வேகும்.
வாயில் ஊற்றாதீர்கள்.
வண்டியை எடுங்கள்.
ஐந்தாம் வகுப்புக்குப் பேசும் குரல் அது.
ஐம்பது வயது மனிதர் அடங்கி நடந்தார்.

பாக்கி வண்டியின் பின்னால்
டாங்க், நான், காலி வாளி.
வாளியை ஏன் எடுத்துப் போனேன், தெரியாது.

டாக்டர் ம்கீசே வெப்பமானியைத் துடைத்தபடி
தண்ணீர் ஊற்றியது யார் என்றாள்.
சாக்ரன் என்னைக் காட்டவில்லை.
வாளியைக் காட்டினார்.

அன்று சாமிக்குக் குளியல் இல்லை.
எனக்கும்.

டாங்க் இரண்டு இரவு அங்கே கிடந்து வந்தது.
இப்போது நாலு மணிக்கு என் கேட்டில்
இரண்டு நிழல், ஒன்று தொப்பையோடு.
அதிகம் பேசுவதில்லை.
கிளை விவகாரம் அப்படியே இருக்கிறது,
வக்கீல் கடிதம் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது.

நேற்று திரும்ப நேரமாகிவிட்டது.
தார்ச்சாலையில் முனகிக் குனிந்து
புறங்கை வைத்து உரக்க எண்ணினார்.
எட்டிலேயே கையை எடுத்துக்கொண்டு
பத்து என்றார்.

புல்லோரமாக வாருங்கள், சாக்ரன்.